கச்சிமுகம்மது காக்கா அடக்கிய கட்டி

கச்சிமுகம்மது காக்காவை (அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்) நான் முதன்முதல் கண்டது எங்கள் ஆய்வுகூடக் கவுண்டரில். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, கல்முனையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். மாவடிப்பள்ளியில் எங்கள் குடும்பத்தில் கெம்பஸ் படி ஏறிய முதல் ஆள் நான் என்பதால், எந்த வெக்கையிலும் வெள்ளைக் கோட்டைக் கழற்றாத காலம் அது.

"தம்பி, என்ட றிப்போட்டத் தாங்க. டொக்டர் கேக்காரு."

பதிவில் அவர் பெயரே இல்லை.

"வெட்டின கட்டியப் போத்தல்ல போட்டுத் தந்திருப்பாங்களே காக்கா. அத இஞ்ச தந்தீங்களா?"

"அதா?" முகம் தெளிந்தது. "அத அடக்கிட்டன்."

முப்பது வருடமாகக் கடற்கரை மையவாடியில், எங்கள் இடுகாட்டில், மையித்துகளை அடக்கக் கபுறுக் குழி வெட்டுகிறவர் அவர். உடம்பிலிருந்து வெட்டி எடுத்ததை மண்ணில் அடக்குவது எங்கள் வழக்கம். தனியார் கிளினிக்கில் தொடைக் கட்டியை எடுத்த டொக்டர், 'கொழுப்புக்கட்டிபோலதான், கொண்டு போங்க' என்று போத்தலைக் கையில் கொடுத்திருக்கிறார்.

"எங்க கொண்டு போறெண்டு அவர் செல்லல்ல. நான் வேற எங்க கொண்டு போவன், தம்பி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே இருந்து வந்த எங்கள் நோயியல் டொக்டர் தர்சினி சிரிக்கவில்லை.

"எவ்வளவு பெரிசு ஐயா?"

"நல்ல மாங்காயளவு. இறைச்சிக்குள்ள ஆழத்தில இரிந்ததாம்."

"தொடையில, ஆழத்தில, அவ்வளவு பெரிசெண்டா சும்மா கொழுப்பெண்டு விடேலாது. புற்றுநோயாவும் இருக்கலாம். கட்டியப் பாக்காம நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

காக்கா போகத் திரும்பினார். "முப்பது வருசத்தில வெச்ச ஒண்டையும் நான் தோண்டினதில்ல, டொக்டர்."

மறுநாள் காலையில் நானே அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி றபீக்கா தாத்தா (எங்களுக்குத் தாத்தா என்றால் அக்கா) எனக்கு முன்பே அவரோடு வாதாடத் தொடங்கியிருந்தார்.

"மையித்தத் தோண்டினாத்தான் குத்தம். நீங்க மையித்தா? எனக்கு முன்னால இரிந்து இடியப்பம் திண்டுறீங்க!"

"உடம்புட ஒரு பங்கு போயிட்டுது, றபீக்கா."

"மிச்சப் பங்கும் போகாமத்தான் செல்லுறன். மண்வெட்டிய எடுங்க!"

அப்போதும் மனிசன் அசையவில்லை. பள்ளிவாசல் மௌலவியிடம் கூட்டிப்போனோம். "உசிரக் காக்கத்தானே, எடுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் மண்வெட்டி தோளில் ஏறியது.

மையவாடி மூலையில் ஒரு சாண் நீளத்தில் ஒழுங்கான கபுறு. தலைமாட்டில் அடையாளத்துக்கு விரல் தடிப்பில் மீசான் கட்டை.

"சின்னப் புள்ளயெண்டு நெனச்சி, போற வாற ஆக்கள் இதுக்கும் ஸலாம் செல்லிட்டுப் போறாங்க," என்றார் மெதுவாக.

பதினாறு நாள் மண்ணுக்குள் கிடந்தும் போத்தலின் மூடி இறுகியே இருந்தது; கட்டியைக் கெடாமல் வைக்கும் ஃபோர்மலின் ஒரு துளியும் சிந்தவில்லை. 'வலது தொடை' என்ற எழுத்துக்கூட அழியவில்லை. போத்தலைத் துடைத்து அவரே மடியில் வைத்துக்கொண்டு, என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினார்.

கட்டியைத் துண்டுபோட்டு மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக எடுத்துச் சாயமேற்றிக் கொடுத்தேன். பார்வைக்குக் கொழுப்பேதான். ஆனால் டொக்டர் நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் குனிந்திருந்தார். இடையிடையே கறுத்துக் கோணலான உயிரணுக் கருக்கள். கொழும்புக்கு அனுப்பிய மரபணுச் சோதனையும் அதையே சொன்னது: லைப்போசார்கோமா. கொழுப்பின் வேஷத்தில் வளரும் புற்றுநோய்.

"மிக அரிதான வகை, ஐயா. மெதுவா வளருறது. ஆனா வெட்டின ஓரத்தில கட்டி மிச்சம் நிக்குது, இன்னும் அகலமா வெட்டோணும்."

காக்கா என் பக்கம் திரும்பினார்.

"அரிதெண்டா, கல்முனையில வேற ஆருக்கும் இல்லையா?"

"நானறிய இல்ல, காக்கா."

"சாய்ந்தமருதில?"

"அங்கயும் இல்ல."

தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

"பெரும போதும்," என்றார் கூட வந்திருந்த றபீக்கா தாத்தா, கண்ணைத் துடைத்தபடி. "மகரகமை கென்சர் ஆஸ்பத்திரிக்கு எப்ப போறெண்டு கேளுங்க."

அடுத்த வாரமே போனார்கள். மகரகமையில் அகலமாக வெட்டி எடுத்தார்கள். இம்முறை ஓரமெல்லாம் சுத்தம்.

இப்போது கச்சிமுகம்மது காக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஆறு மாதத்துக்கு ஒருதரம் ஸ்கேன் எடுக்கப் போய்வருகிறார். போன மாதம் எடுத்ததில் ஒன்றும் இல்லை. வலது காலை மடக்கிக் குந்த ஏலாததால் கபுறு வெட்டுவது மச்சான் நஸீம். இவர் மேலே நின்று அளவு சொல்கிறார்.