தீனியில் சேராத ரொட்டி

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிற வேலை சவரியப்பனுக்கு. அஞ்சாவதோடு படிப்பை விட்டவர். காலையில் முதல் கூண்டைத் திறக்கும்போது சிலுவை போட்டுக்கொள்வார். "ஞானஸ்நானமும் குடுத்துருங்கண்ணே" என்று கூட வேலை பார்க்கிற ராம்கி கேலி பண்ணுவான்.

அங்கே தமிழ்வாணி என்கிற பெண், வலிப்பு வருகிற எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு வரிசைக்கு வழக்கமான தீனி. மறு வரிசைக்கு மாவும் சர்க்கரையும் இல்லாமல், வெண்ணெய் மாதிரி கொழுப்பு உருண்டை மட்டும். கொழுப்பு தின்ற எலிகளுக்கு வலிப்பு குறைந்துகொண்டே வந்தது. "இதுகளுக்கு வேற தீனி துளிகூடப் போயிறக் கூடாதுண்ணே" என்று சொல்லி வைத்திருந்தாள். அவரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார்.

ஆனாலும் எப்போதாவது ஒன்று முன்கால் உதறி, எழுந்து, மல்லாக்க விழும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தங்கச்சி ஞாபகம் வரும். சின்ன வயசில் அவளுக்கும் காக்கா வலிப்பு. அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோயிலில் மந்திரித்த ரொட்டி வாங்கி வந்து ஊட்டுவாள். போகப்போக வலிப்பு நின்றே போனது. தங்கச்சி இப்போது கப்பலூரில் பிள்ளைகுட்டியோடு நல்லாயிருக்கிறாள்.

இதுகளுக்கும் முழுசாகச் சொகமாகட்டுமே என்றுதான், ஒரு செவ்வாயன்று அந்த ரொட்டியைக் கொண்டுவந்தார். ஜெபம் சொல்லி, கொழுப்பு வரிசையில் மேல்தட்டுக் கூண்டுகளுக்கு மட்டும் பிட்டுப் போட்டார். அம்புட்டுத்தான் ரொட்டி இருந்தது. அடுத்த செவ்வாயும் போட்டார்.

மேல்தட்டில் வலிப்பு கூடிப்போனது. தமிழ்வாணிக்குச் சோறு இறங்கவில்லை. வேறு தீனி ஏதும் போட்டீர்களா என்று கேட்டாள். மாதா சத்தியமாக இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மந்திரித்த ரொட்டியைத் தீனி என்று அவர் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

மறுநாள் அவளே ஒரு கூண்டைக் கிளறினாள். மரத்தூளுக்குள் ரொட்டித் துணுக்கு கிடந்தது.

"இது என்னண்ணே?"

"அது தீனியில்லம்மா. அந்தோணியார் ரொட்டி."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்படவில்லை. மாவுப்பண்டம் கிடைக்காமல் உடம்பு கொழுப்பை எரிக்கிறதுதான் வலிப்பைப் பிடித்து வைத்திருந்தது, கொஞ்சம் ரொட்டி போனாலும் பிடி விட்டுப்போகும் என்று பொறுமையாகச் சொன்னாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"எந்தெந்தக் கூண்டுண்ணே? ரொட்டி தின்னதை ஆராய்ச்சில வச்சுக்கிற முடியாது."

வைத்துக்கொள்ளாத எலிகள் பக்கத்து அறைக்குப் போகும். அங்கேயிருந்து திரும்பி வராது. அது அவருக்குத் தெரியும். குறைத்துச் சொன்னால் நாலைந்து பிழைக்கும். ஆனால் அந்தப் பிள்ளை எழுதப்போகிறதெல்லாம் பொய்யாகிப்போகும். மேல்தட்டு முழுக்கக் கை காட்டினார்.

ராம்கி தூக்க வந்தபோது வேண்டாமென்று அவரே தூக்கிப்போனார். பக்கத்து அறையில் மூடியைத் திறந்ததும், முதல் கூண்டு எலி ஓடிவந்து அவர் விரல் இடுக்கெல்லாம் மோந்து தேடியது.

"இன்னைக்கு ஒண்ணுமில்ல சாமி" என்றார். அது தேடி முடிக்கிறவரை கையை எடுக்கவில்லை.