அடிக்கோல் துரையும் ஜட்கா முதலாளியும்

யுத்த காலத்தில் எனக்கு ஒரே வாரத்தில் இரண்டு வேலை தேடி வந்தது. ஒன்று மவுண்ட்ரோட்டில் பெரிய விளம்பரக் கம்பெனி. மற்றது குமணன்சாவடியில் ஒரு ஜட்கா, ஒரு தமுக்கு, வெற்றிலைச் சாறு ஒழுகும் வாயோடு ஒரு முதலாளி. எதில் சேருவது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டதை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது.

பூந்தமல்லியில் கரியில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து, சட்டையெல்லாம் புகையோடு மவுண்ட்ரோட்டுக்குப் போனேன். சோப்பு விளம்பரத்திலிருந்து சர்க்காரின் யுத்த நோட்டீஸ் வரை அங்கேதான் தயாராகும். கம்பெனியை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் தமிழைத் திருத்துகிறவர் அவர்தான். இங்கிலீஷ் வாசகம் எத்தனை அங்குலமோ தமிழும் அத்தனை அங்குலம் இருக்க வேண்டும் என்று அடிக்கோல் வைத்து அளப்பார். நீண்டால் கடைசி வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார். பக்கத்தில் கைகட்டி நிற்கும் தலைமை குமாஸ்தா, பி.ஏ. படித்த மனுஷர், "வெரி குட் சார்" என்பார். அவருக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை.

எனக்கு வைத்த பரீட்சை ஒரு நன்றி நோட்டீஸ். அப்போது ஆவடியில் பட்டாளத்துக்கு நிலம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனமுவந்து கழனி கொடுத்த குடியானவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். அப்படி மனமுவந்தவர்களில் ஒருவர் சேக்காட்டில் இருந்த என் சித்தப்பா. அப்பா போன பிறகு அவர் கழனி நெல்லைத் தின்றுதான் நான் வளர்ந்தேன். கதிர் முற்ற இருபது நாள் இருக்கையில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அறுத்துக்கொள்ள மட்டும் அவகாசம் கேட்டு, மனுவும் கையுமாக அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்துகொண்டிருந்தார்.

இத்தனையும் தெரிந்தே எழுதினேன். "தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல் தேசத்துக்குத் தம் மண்ணை ஊட்டிய நல்லோரே" என்று ஆரம்பித்தேன். தேசம் எதற்கு மண் தின்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அங்குலக் கணக்குச் சரியாக இருந்ததால் துரை ஒரு வரியும் அடிக்கவில்லை. மறுநாளே வந்து சேரச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது உறுத்தியது. பெரிய இடம் வேண்டாம், சின்ன இடத்தில் பொய்யும் சின்னதாக இருக்கும் என்று முடிவு கட்டினேன். சித்தப்பாவிடம் போய், "உங்க நிலத்தைப் பத்தி எழுதச் சொன்னாங்க, வேணாம்னுட்டேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததை நான் சொல்லவில்லை.

குமணன்சாவடி முதலாளி பல்பொடிக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஊர் ஊராகத் தமுக்கு அடிப்பவர். அவர் அடிக்க, ஜட்கா மேல் நின்று நோட்டீஸைப் படிப்பது என் வேலை. எதையும் மூன்று தரம் படிக்க வேண்டும் என்பது அவர் சட்டம். "மொத தபா காதுல வுயும், ரெண்டாம் தபா புரியும், மூணாம் தபா நம்பிடுவான் வாத்தியாரே" என்பார். இதைத் தொழில் ரகசியம் மாதிரி தாழ்ந்த குரலில் வேறு சொல்வார்.

பத்தே நாளில், "பெரிய கம்பெனி வேலை வந்துகீது, ஆவடி பக்கம் போவணும்" என்று ஒரு கட்டு நோட்டீஸை என் மடியில் போட்டார். பிரித்தேன். "தாய் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல்" என்று இருந்தது. பெரிய கம்பெனி எழுதும், சின்ன கம்பெனி கத்தும். இரண்டும் ஒரே வியாபாரம் என்பது என் மரமண்டைக்கு அப்போதுதான் ஏறியது. வண்டியிலிருந்து இறங்கிப் போயிருக்கலாம். போகவில்லை.

சேக்காட்டில் தமுக்குச் சத்தம் கேட்டதும் சித்தப்பா ஓடி வந்தார். "அறுப்புக்கு உத்தரவு வந்துட்ச்சா நைனா?"

நான் ஜட்கா மேல் நின்றுகொண்டு படித்தேன். முதலாளி விரலைக் காட்டக் காட்ட மூன்று தரமும் படித்தேன். மனமுவந்து கொடுத்துவிட்டார் என்று ஊரறிய அச்சடித்த பிறகு அவருடைய மனுவை எவன் பார்க்கப் போகிறான்?

சித்தப்பா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். "என்னைக் கேக்காமயே என் மனசை எயுதிக்கீறானே. யார்ரா அவன்?"

"மவுண்ட்ரோட்டுக் கம்பெனிக்காரங்க சித்தப்பா."

"நல்லவேளை" என்றார். "நீ அங்க போவல."