கொசுறு ரவுண்டு

தரணி திருப்பதியில் என்ன படிக்கிறாள் என்பதைச் சொந்த ஊரான குடிபாலாவில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல குண்டு போடுது" என்று அவளுடைய நைனா நாகேந்திரன் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிவைக்க, பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. மகள் செய்துகொண்டிருந்தது ஏறக்குறைய அதுதான்.

வருஷம் 2002. அவளோடு மெக்கானிக்கல் படித்தவர்களில் பாதிப் பேர் அந்தப் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஜாவா கற்றுக்கொண்டார்கள். மீதிப் பேர் அமெரிக்க விசா கிடைக்க வேண்டுமென்று திருமலைக்கு நடந்து ஏறினார்கள். தரணிக்கு மட்டும் இரும்பின் மேல் இருந்த ஆசை போகவில்லை. எம்.டெக்.கில் அவள் எடுத்துக்கொண்டது ஷாட் பீனிங். கடுகைவிடப் பெரிய, மிளகைவிடச் சின்ன எஃகுக் குண்டுகளை லட்சக்கணக்கில் வேகமாக அடித்தால், இரும்பின் மேல்தோல் இறுகிக்கொள்ளும். இறுகிய தோலில் விரிசல் லேசில் வாய் திறக்காது. லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டைகள், விமானத்தின் சக்கரக்கால் எல்லாம் அப்படி அடிவாங்கித்தான் ஆயுசை நீட்டிக்கொள்கின்றன. எந்தக் குண்டு, எந்த வேகம், எத்தனை அடி என்பதை நிஜமாக அடித்துப் பார்க்காமலே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் தரணியின் வேலை.

பெங்களூர் கம்பெனி ஒன்று இதில் ஆர்வம் காட்டியது. கணக்கும் சோதனையும் ஒத்துப்போனால் வேலை, ஆறு மாதத்தில் ஜெர்மனி என்று சொல்லியிருந்தார்கள். ஜூன் மாத செமினாருக்கு ஆளும் அனுப்புவார்கள். கூலிக்கு மண் வெட்டியே நாகேந்திரனுக்கு முட்டி தேய்ந்திருந்தது. இந்த வேலை கிடைத்தால் அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கலாம். தரணி ஜெர்மனியைவிட அந்த மண்வெட்டியைத்தான் அதிகம் நினைத்தாள்.

சோதனைக்கு ஆறு மெல்லிய எஃகுப் பட்டைகள். அவற்றைச் சித்தூர் பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து அடித்து வாங்கினாள். மெஷின் ஓட்டுபவர் செங்கல்வராயன், குடிபாலாவில் அடுத்த தெரு, முறைக்கு மாமா. பட்டறைக்காரர்கள் வேலையைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், 'பட்டை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நாலு ரவுண்டு' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தாள். குண்டு மழைக்குள் பட்டை ஒரு தடவை போய்வந்தால் ஒரு ரவுண்டு.

பட்டைகளைத் திருப்பதி லேபில் வைத்து மேலும் கீழும் வளைத்தார்கள். நாலு லட்சம் தடவை தாங்கும் என்றது கம்ப்யூட்டர். முதல் பட்டை ஒன்றரை லட்சத்தில் படக்கென்று ஒடிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்று, நான்கு, அதே கதை. ஐந்தாவது மட்டும் சமர்த்தாக நாலு லட்சத்தைத் தாண்டி நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் ஆறாவதும் காலை வாரிவிட்டது.

"பர்வாலேதம்மா, கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும்" என்றார் அவளுடைய புரொபசர் ஹரிபாபு. ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு வாரம் கணக்கைக் குடைந்தாள். குண்டின் அளவு சரி. வேகம் சரி. பட்டையைக் கம்ப்யூட்டர் பிரித்துவைத்திருந்த மூன்று லட்சம் கட்டங்களும் சரி. கடைசியில் பட்டைகளையே எடுத்துப் பார்த்தபோதுதான், ஐந்தாவதன் மேல் பட்டறையில் குத்தியிருந்த தேதி மட்டும் வேறாக இருப்பது கண்ணில் பட்டது. உடனே சித்தூர் பஸ்ஸைப் பிடித்தாள்.

செங்கல்வராயன் மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "வாம்மா தரணி! இன்னா, நம்ம பட்டைங்க கெத்தா நிக்குதுங்களா?"

"ஒடிஞ்சிடுச்சி மாமா. அஞ்சாவது மட்டும் நின்னுச்சி. அத எப்பிடி செஞ்சீங்க?"

அவர் முகம் வாடியது. "அஞ்சாவதா? அத நான் செய்யலியே. அன்னிக்கு மொட்ட போட திருமலைக்குப் போய்க்கினு இருந்தேன். இங்க கூட வேல செய்யற பையன் சுனில் செஞ்சான். அவன் இன்னா, சீட்டப் பாத்து நாலு ரவுண்டு உட்டுட்டுக் கழட்டிப் போட்டிருப்பான்."

"நீங்க எத்தினி உட்டீங்க?"

"நாலு உட்டேன். அப்பால கொசுறு."

"கொசுறா?"

"பின்ன? கீரக்காரி கூட காசுக்கு மேல ஒரு புடி போடறா. நம்ம ஊரு பொண்ணு படிப்பு, நான் அளந்து குடுப்பனா? எட்டு ரவுண்டு கொசுறு உட்டேன். சோறு துன்னக்கூட போகாம உட்டேன்!"

தரணி சிரித்தாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் கிடந்த டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். வெளியாட்களின் பட்டைக்கெல்லாம் கணக்காக அடித்த மனுஷர், இவள் மேல் வைத்த பிரியத்தில் மூன்று மடங்கு அடித்திருக்கிறார்.

திருப்பதிக்குத் திரும்பி, நாலு ரவுண்டைப் பன்னிரண்டாக்கிக் கணக்கை ஓடவிட்டாள். மூன்று நாள் உறுமிவிட்டு, ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் என்றது கம்ப்யூட்டர். காரணமும் தெரிந்தது. தோல் இறுக இறுக, மெல்லிய பட்டையின் வயிறு அதற்கு ஈடாக இழுபடுகிறது. அளவு மீறினால் உள்ளிருந்தே விரிசல் கிளம்புகிறது. ஒடிந்த பட்டைகளின் நடுவில் ஒரு சின்னப் புள்ளி இருந்ததை அவள் முன்பே பார்த்துவிட்டு, அழுக்கு என்று விட்டிருந்தாள்.

"ஆபரேட்டர் தப்புன்னு ஒரு வரி எழுதும்மா, முடிஞ்சுபோச்சு" என்றார் ஹரிபாபு.

அந்த ஒரு வரியில்தான் வில்லங்கம். ரிப்போர்ட்டின் ஒரு பிரதி பட்டறை முதலாளிக்குப் போகும். அவர் வெளிநாட்டு ஆர்டருக்காகத் தரச் சான்றிதழ் வாங்க அலைந்துகொண்டிருந்தார். அஞ்சாங்கிளாஸ் படித்த செங்கல்வராயனை அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தரணி தன் சீட்டை எடுத்து மறுபடி படித்தாள். 'குறைந்தது' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. அதிகம் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை.

செமினாருக்குப் பெங்களூரிலிருந்து சுமித்ரா என்ற அதிகாரி வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தப்பு யாருடையது?"

தரணிக்கு நைனாவின் முட்டி ஞாபகம் வந்தது. "என்னுடையது மேடம். எவ்வளவுக்குக் குறையக்கூடாதுன்னு எழுதினேன். எவ்வளவுக்கு மேல போகக்கூடாதுன்னு எழுதலை."

"மூணு லட்சம் கட்டம் போட்டிருக்கீங்க. இதை எப்படி விட்டீங்க?"

"மெஷினை முழுசா கம்ப்யூட்டருக்குள்ள கொண்டுவந்தேன். அதை ஓட்டறவர் எப்படிப்பட்டவர்னு யோசிக்கலை."

ஹரிபாபு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். சுமித்ரா ஏதோ குறித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். அடுத்த பதினோரு நாளும் தரணிக்குச் சோறு இறங்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வேலைக் கடிதம் வந்தது.

பெங்களூருக்குக் கிளம்பிய அன்று சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நாகேந்திரன் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, கண்ணைத் துடைத்தது தெரியாமல் இருக்க மூக்கைச் சிந்தினார். செங்கல்வராயன் ஒரு பையோடு வந்தார். நடந்ததெல்லாம் தெரிந்த நாளிலிருந்து அவருக்கு மனசு ஆறவில்லை. நல்லது செய்கிறேனென்று பிள்ளையின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தோமே என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீலம் மாம்பழம். ஒரு டஜன்" என்று பையை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். "எண்ணிக்கோ. பன்னெண்டுதான். கொசுறு கெடையாது."

தரணி எண்ணினாள். பன்னிரண்டுதான் இருந்தன. என்னவோ போலிருந்தது.

பஸ் நகர்ந்தது. செங்கல்வராயன் நாலு எட்டு கூடவே நடந்தார், பிறகு ஓடினார். மடியில் கட்டி வைத்திருந்த இன்னொரு பழத்தை உருவி ஜன்னலுக்குள் போட்டார்.

"வச்சிக்கோம்மா! இது துன்றதுதான், ஒடியாது!"

அந்தப் பதிமூன்றாவது பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பலமநேர் தாண்டும் வரைக்கும் தரணி அழுதுகொண்டே போனாள்.