சுவரில் மாட்டிய என் சிலந்தி

இன்று எங்கள் ராசிபுரம் ஸ்டுடியோவுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த தறிக்காரர் வீட்டு அம்மாள், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஏனுங்க, இத்தாம் பெரிய எட்டுக்கால் பூச்சி எந்தக் காட்டுலங்க இருக்குது?”

“நம்ம பருத்திக் காட்டுலதானுங்க. நெசத்துல என் சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும்,” என்றேன்.

யுத்தம் வந்ததிலிருந்து படம் பிடிக்கும் கண்ணாடித் தகடு கிடைப்பதே பெரும்பாடு. அதில் ஒன்றைப் பூச்சிக்குச் செலவழித்ததற்காக என் வீட்டுக்காரர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காற்று அடங்கிய விடியலில், கேமராவின் துருத்தியை முழுக்க இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் எடுத்த படம் அது. சிலந்தியின் கால் ரோமம்கூட ஒவ்வொன்றாகத் தெரியும்.

அந்த அம்மாள் என் வீட்டுக்காரரிடம் திரும்பி, “நல்லா எடுத்திருக்கறீங்க சாமி,” என்றார்.

அவர் கேமராவைத் துடைத்தபடியே, “நான் இல்லீங்க, இவதானுங்க எடுத்தா. எனக்கு இப்படி எடுக்க வராதுங்க,” என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த அம்மாள் தனக்கும் ஒரு பிரதி கேட்டிருக்கிறார். காலமான மாமியாரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறாராம்.

பொருத்தம் சரிதானா என்று மருமகள்கள் சொல்லுங்கள்.