ரேகை விழாத கை

எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டைக்கு அண்டி என்று பெயர். அதை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலை, அண்டி ஆபீஸ். ஆபீஸ் என்ற பெயரைத் தவிர அங்கே ஆபீசுக்குரியது ஒன்றும் கிடையாது. சாம்பலை உள்ளங்கையிலும் விரல்களிலும் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார வேண்டும். வறுத்த அண்டியை இடது கையால் பிடித்து, மரக்கட்டையால் ஒரு தட்டு தட்டி, இரண்டு கையாலும் பிளந்து பருப்பை உடையாமல் எடுக்க வேண்டும். தோட்டுக்குள் இருக்கும் எண்ணெய்க்குச் சாம்பல் எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. விரல் நுனி கறுக்கும், தோல் உரியும், உரிந்த இடம் மறுபடியும் கறுக்கும். இருபத்திரண்டு வருஷம் நான் அந்த வேலை பார்த்தேன்.

கையைப் பற்றி எங்களுக்கு ஒரே வெட்கம். கல்யாண வீடு என்றால் முந்தின நாளே எலுமிச்சைத் தோலும் செங்கல்பொடியும் போட்டுப் பறபறவென்று தேய்ப்போம். போட்டோ எடுக்கும்போது கை முந்தானைக்குள் போய்விடும். திருடின கையா, எதற்கு ஒளித்தோம் என்று இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு திங்கட்கிழமை காலையில் போனோம், கேட் பூட்டியிருந்தது. முதலாளி வரவில்லை. மேஸ்திரிதான் வெளியே நின்று விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டில் எந்திரமே உடைத்துத் தள்ளுகிறதாம், இனி எல்லாம் அங்கேதானாம். எங்கள் மரக்கட்டைகள்கூட உள்ளேயே கிடந்தன.

ஆறேழு மாதம் கழித்து அரசாங்க அறிவிப்பு வந்தது. மூடிய தொழிற்சாலைகளில் வேலை இழந்தவர்களுக்குத் தையல் பயிற்சி, பயிற்சி முடியும்வரை மாதாமாதம் உதவித்தொகை. எனக்கு அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். படிப்பை நிறுத்து என்று அவளிடம் சொல்லும் வாய் எனக்கு இல்லை.

பதிவு செய்யக் கடைசி நாளன்று நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினோம். உடைக்கிறவர்கள் ஒன்பது பேர், பருப்பைத் தரம் பிரிக்கும் கிரேடிங்காரிகள் ஐந்து பேர். அரசாங்க ஆபீசுக்குப் போகிறோமே என்று வழக்கம்போல எல்லோரும் கையைத் தேய்த்துக் கழுவியிருந்தோம். வேலை நின்று போனதில் கறையும் பெரும்பாலும் போயிருந்தது. கைகள் அவ்வளவு வெளுப்பாக இருந்ததில் எங்களுக்குப் பெருமைகூட.

மேசைமேல் ஒரு சின்ன எந்திரம், பக்கத்தில் கம்ப்யூட்டரில் ஒரு பெண். பெருவிரலை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து, திரையில் நம் பெயர் வரும். எனக்குச் சிவப்புதான் எரிந்தது. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். சிவப்பு.

அதிகாரி வடக்கே எங்கேயோ இருந்து மாற்றலாகி வந்தவர். மரியாதையாகத்தான் பேசினார். ரேகை விழாதவர்கள் தொழிற்சாலையிலிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும், அதுதான் விதி என்றார். கடிதம் தர வேண்டியவர் கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"கை சுத்தமா இருக்கேம்மா. இந்த வேலை செஞ்ச கை மாதிரி தெரியலையே."

எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. அவர்மேல் பாதி, எலுமிச்சைத் தோல்மேல் பாதி. இருந்த ஒரே அத்தாட்சியை நாங்களே தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தோம்.

இருபது வருஷமாக என் பக்கத்திலேயே உட்கார்ந்து அண்டி உடைத்தவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "வாட்டி போவலாம். இவங்ககிட்ட நின்னு ஒண்ணும் ஆவாது."

"நீ போறியா? போ. நான் இத முடிச்சிட்டுதான் வருவேன்" என்றேன்.

நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. எங்கள் கூட்டத்தில் எல்லோரையும் விரல் வைக்கச் சொல்லுங்கள், அதுவரை நகர மாட்டேன் என்றேன். பின்னால் வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சரி என்று கையசைத்தார்.

கிரேடிங்காரிகளை முதலில் விட்டேன். தோடு நீங்கிய பருப்பை மட்டுமே தொட்டவர்கள் அவர்கள். ஐந்து பேருக்கும் பச்சை. அடுத்து உடைக்கிறவர்கள், என்னைத் தவிர எட்டு பேர். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. எட்டாவது ஆளும் விரலை எடுத்தபோது கம்ப்யூட்டரில் இருந்த பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்தியளா சாரே? பருப்பத் தொட்டவளுவளுக்கு ரேகை இருக்கு. தோட்ட உடைச்சவளுவ ஒருத்திக்கும் இல்ல. இதுக்கு மேல முதலாளி என்னத்த எழுதித் தரணும்?" என்றேன்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். என் விரல்களைத் திருப்பிக் காட்டச் சொன்னார். வெளிச்சத்தில் காட்டினேன். சலவைக்கல் மாதிரி வழவழவென்று இருந்தன. இவ்வளவு நாளும் நானே அப்படி உற்றுப் பார்த்ததில்லை.

"விண்ணப்பத்துல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு சார்" என்றாள் கம்ப்யூட்டரில் இருந்த பெண். நல்லா இருக்கட்டும் அவள்.

ரேகை இல்லை என்று மட்டும் எழுதினால் போதாது, ஏன் இல்லை என்றும் எழுத வேண்டும் என்றேன். அவர் பேனாவை எடுத்தார். முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலில் பல்லாண்டுகள் ஈடுபட்டதால் கைரேகை அழிந்துள்ளது, நேரில் சரிபார்க்கப்பட்டது. எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். கையெழுத்து போட்டு முத்திரையும் குத்தினார். என் பெயர் பட்டியலில் ஏறியது.

பிறகு பழக்கதோஷத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளி, "இதுல ஒரு கைநாட்டு வச்சிடுங்கம்மா" என்றார். நான் என் பெருவிரலை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. மைப்பெட்டியை மூடி, தன் பேனாவை நீட்டினார். எட்டாம் வகுப்பு படித்தவள் நான். என் பெயரை முழுசாக, இனிஷியலோடு எழுதினேன்.

எழுந்து திரும்பினால், போவலாம் என்று இழுத்தவள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முந்தானைக்குள் இருந்த இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, விரல்களை விரித்து, மேசைமேல் வைத்தாள்.

"எனக்கும் எழுதுங்க சாரே" என்றாள்.