துருப்பிடிக்காத கிறில்

ரமணியக்கா எங்கள் தன்னாமுனைப் பட்டறைக்கு வந்த அன்று, மீன் சுடும் தன் காஸ் கிறிலைத் தானே தூக்கிக்கொண்டுதான் வந்தார். மெல்லிய தகரம். அடிப்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. கணவர் இல்லை. மாலையில் வாவிக்கரையில் மீனும் இறாலும் சுட்டு விற்றுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

“இதே மாதிரி ஒண்டு செஞ்சு தாங்க தம்பி. பாரமில்லாம இரிக்கணும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அக்கா, இது கிறில் இல்ல, பிஸ்கட் டின். உப்புக்காத்துக்கு ஒரு மாரி தாங்காது. சாமான் எடுக்கிற வேலைய என்னட்ட விடுங்க.”

வருடக்கணக்கில் வெல்டிங் செய்தவனுக்கு வருகிற திமிர் அது. காந்தம் ஒட்டினால் கழித்து, ஒட்டாததாகப் பார்த்துப் பார்த்துத் துருவேறாத 304 ஸ்டெயின்லெஸ் தகடு எடுத்தேன், அதுவும் மூன்று மில்லி தடிப்பில். பர்னர் பித்தளை. மீன் வைக்கும் தட்டுக்கு எட்டு மில்லி கம்பி. ஹோஸும் ரெகுலேட்டரும் புதிது. வேலை முடிந்ததும் றோட்டால் போனவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா மட்டும் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாரம் தாங்காமல் கீழே வைத்தார். கண்டும் நான் கேட்கவில்லை.

வாவிக்கரையில் இரவில் எதையும் விட்டுவிட்டு வர முடியாது. தினமும் ஓட்டோவில் ஏற்றி இறக்க வேண்டும். ஓட்டோக்காரர் வயதானவர், பாரம் தூக்க முடியாது. உருட்டிக்கொண்டு போகச் சில்லுப் பூட்டிக் கொடுத்தேன், மணலில் புதைந்தது. பக்கத்துக் கடைப் பொடியன்மாரைத்தான் அக்கா கூப்பிட வேண்டியிருந்தது. முதலில் ஓடி வந்தவர்கள், பிறகு அவரைக் காக்க வைத்தார்கள். ஒருநாள் ஒருவன், “இதத் தூக்கிறத்துக்கெண்டே ஒரு மாப்பிள்ளையப் பாருங்களன் அக்கா” என்று சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் கடை போடவில்லை.

ஓட்டோக்காரர் சொல்லி அந்தக் கேலியும் கடை நின்றதும் எனக்குத் தெரிய வந்தபோது மாரியும் முடிந்துவிட்டது. தகட்டைப் பார்க்கிறதுக்கு முதல் ஆளைப் பார் என்று இப்போது பட்டறைக்கு வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறேன். அன்று அக்காவே வாய்விட்டுச் சொன்னார், எனக்குத்தான் காது இருக்கவில்லை.

லேசான கிறில் ஒன்று செய்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா ஏறாவூருக்குத் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மூத்த மகளும் படிப்பை விட்டுவிட்டு அவரோடு போகிறாளாம்.

“இனி எதுக்குத் தம்பி? அந்த இடத்தில வேற ஆக்கள் கடை போட்டுட்டாங்க.”

நான் முதலில் செய்த கிறில் மாரி முழுக்க மழையில் நனைந்து முற்றத்தில் கிடந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. நான் அதைப் பார்ப்பதை அவர் கண்டார்.

“சாமான் நல்ல சாமான் தம்பி. குறை சொல்ல ஏலாது.”

அவர் என்னை ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.