பிச்சிப்பூ போட்ட சார்ட்டும் என் பி.எட். சீட்டும்

இன்று காலை கடையைப் பூட்டிவிட்டு, நானே பி.எட். அட்மிஷனுக்குப் போய்விட்டேன்!

(ஆமாம், முப்பத்து நாலு வயதில்தான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.)

தெரியாதவர்களுக்கு: நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. போர்டில்தான் ஜெராக்ஸ். நிஜத்தொழில், பி.எட். பிள்ளைகளுக்குச் சார்ட் வரைந்து கொடுப்பது!

டீச்சிங் பிராக்டிஸுக்குப் பள்ளிக்கூடம் போகும்போது அவர்கள் பாடத்துக்கு ஒரு சார்ட் கொண்டுபோக வேண்டும். தவளையின் இதயம், பூவின் பாகங்கள், எல்லாம் என் கைதான். நாலு மூலையிலும் ஒரு பிச்சிப்பூ போட்டுவிடுவேன், சும்மா அழகுக்கு.

இப்படிப் பத்து வருஷம். நானும் பி.எஸ்சி. சுவாலஜிதான்!

போன மாதம் என் மகளின் வகுப்புக்குப் புது டீச்சர் வந்தார். பார்த்தால், என்னிடம் சார்ட் வாங்கின பிள்ளை! அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் அழுதேன்.

சரி, படித்துவிடுவோம். எந்தக் காலேஜ்?

சித்தி சொன்னாள்: "பக்கத்துல உள்ளதுல சேரு மக்கா. தெனமும் போகாண்டாம், பரீட்சைக்குப் போனா போதும்."

"போகாண்டாம்ணா பின்ன எதுக்கு சித்தி சேரணும்?"

எனக்கு வேறு அளவுகோல் இருந்தது. என் கடைக்கு ஓடி வருகிற பிள்ளைகளின் காலேஜில் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை என்று அர்த்தம்!

ஒரே ஒரு காலேஜ் பிள்ளைகள் மட்டும் வெறும் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச்சும் வாங்குவார்கள். "வரைஞ்சு தரட்டா பிள்ளே?" என்றால், "ஐயோ வேண்டாம்க்கா!" என்று ஒரே ஓட்டம்.

இதுதான் நம்ம காலேஜ் என்று முடிவு செய்தேன். வீட்டுக்காரர் செல்வின் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே ஒரு மேடம் சர்ட்டிபிகேட் எல்லாம் பார்த்தார். "எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுங்க. இங்க சார்ட்ட சொந்தமா வரையணும். பஸ் ஸ்டாண்டு பக்கம் வரைஞ்சு விக்கதுக்குண்ணே ஒருத்தி இருக்கா!"

பீரோவைத் திறந்து ஒரு கட்டு சார்ட்டை எடுத்து மேஜையில் போட்டார். முன்னே படித்த பிள்ளைகளிடம் பிடுங்கி வைத்தவை. எல்லாவற்றிலும் நாலு மூலையிலும் பிச்சிப்பூ!

"இந்தப் பூவப் பாத்தாலே திருப்பி அனுப்பிருவேன்."

பிள்ளைகள் ஏன் ஓடினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. நான் தரையைப் பார்த்தேன். சீட்டு கிடைக்கிற வரை வாயைத் திறக்கக் கூடாது.

செல்வின் திறந்துவிட்டார்.

"ஏட்டி, இது உனக்க பூவுல்லா! மேடம், இதெல்லாம் எனக்க வீட்டுக்காரி வரைஞ்சதாக்கும்!"

(கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். மனுஷன் என் வேலையைப் புகழ்ந்தது இதுதான் முதல் தடவை!)

 போச்சு என்று ஃபைலைக் கையில் எடுத்துவிட்டேன்.

மேடம் தவளை இதயத்தை உருவி எடுத்தார். "இதக் கொண்டுவந்தவகிட்ட எத்தன அறைண்ணு கேட்டேன், தெரியல்ல. நீ சொல்லு."

"மூணு மேடம்."

"மனுஷனுக்கு நாலுல்லா? என்ன வித்தியாசம்? சின்னப் பிள்ளைக்குச் சொல்லுக மாதிரி சொல்லு."

"மனுஷனுக்கு நல்ல தண்ணிக்கு ஒரு குடம், உப்புத் தண்ணிக்கு ஒரு குடம் மேடம். தவளைக்கு ரெண்டும் ஒரே குடத்துல."

மேடம் பேனாவை நீட்டினார்.

"கையெழுத்து போடு. ஆனா இண்ணையில இருந்து வேற ஆளுக்கு ஒரு சார்ட்டும் வரையப்பிடாது."

போட்டேன்.

மத்தியானம் கடை திறந்ததும் ஒரு பிள்ளை வந்தாள். "யக்கா, நாளைக்கு ஒரு இதயம் வேணும்."

"இரி மக்கா, நீயே வரை. நான் சொல்லித் தாறேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நேரே அடுத்த கடைக்குப் போய்விட்டாள். (என் முதல் மாணவி, முதல் நாளே ஆப்சென்ட்!)

என் சார்ட்டால் பாஸான டீச்சர்மாரே, கமெண்டில் கை மட்டும் தூக்குங்கள். பெயர் போட வேண்டாம்.

மேடம் இப்போதுதான் ஃபிரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பியிருக்கிறார்!